சாண் ஏற, முழம் சறுக்க

திங்கட்கிழமை விடிந்தும் விடியாத நேரம். அத்தை வந்து என் தோளைத் தட்டினார். "அம்மணி, எந்திரிச்சு வந்து பாரு. ராத்திரி முச்சூடும் யாரோ தேங்காயத் துருவிக் கொட்டிருக்காங்க."

2019 பிப்ரவரி 4. சியாட்டிலுக்கு வடகிழக்கே பாத்தெல் என்ற சிற்றூரில், ஒரு ஏற்றத்தின் உச்சியில் இருக்கிறது எங்கள் வீடு. பேத்தியோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக என் மாமியார் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். தென்னந்தோப்பிலேயே வாழ்ந்தவர். வெள்ளையாக எது உதிர்ந்து கிடந்தாலும் தேங்காய்தான் அவருக்கு முதலில் தோன்றும். பனி என்றால் அவர் அறிந்தது, மார்கழி விடியலில் சோளத்தட்டின்மேல் இறங்கியிருக்கும் ஈரம். அதற்கும் இதற்கும் நம் மொழியில் ஒரே சொல். அன்று வாசலில் விழுந்திருந்தது நான்கு விரற்கடை உயரம் இருக்கும். பள்ளிக்கூடம் கிடையாது என்று செய்தி வந்தது. என் எட்டு வயது மகள் இரவு உடையின்மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள். அத்தை கதவோரம் நின்று, கால் வைக்கலாமா கூடாதா என்று யோசித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் 2005இல் கல்யாணமாகி இங்கே வந்தவள். இந்த ஊரில் பனி விருந்தாளிபோல. வராத வருடமும் உண்டு. வந்தாலும் அடுத்த நாள் மழை வந்து கரைத்துக்கொண்டு போய்விடும். சியாட்டில்-டகோமா விமான நிலையத்தில் விழும் பனியை அளந்து குறித்து வைக்கிறார்கள். வருடம் முழுவதற்கும் சேர்த்து, சராசரியாகச் சுமார் 16 செ.மீ. வரும். ஒரு சாணுக்கும் குறைவு. 2019 பிப்ரவரி ஒரு மாதத்தில் மட்டும் அங்கே விழுந்தது 51 செ.மீ. சாணுக்கு முழம் என்று சொல்லலாம். 1969 ஜனவரிக்குப் பிறகு எந்த மாதத்திலும் அவ்வளவு விழுந்ததில்லை.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "அமெரிக்கான்னா பனி பேயத்தானே செய்யும்?" என்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயம்தான். சிகாகோ, பாஸ்டன் இரண்டையும்விட வடக்கே இருக்கிறது சியாட்டில். ஆனாலும் ஜனவரியில் பகல் வெப்பம் 8 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் 2, 3 டிகிரி. ஏன் அப்படி என்பதை ஒரு பொள்ளாச்சிக்காரருக்கு விளக்குவது சுலபம். மேற்கே பசிபிக் கடல். குளிர்காலத்திலும் அந்தத் தண்ணீர் முழுக்க ஆறிவிடுவதில்லை, அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று ஈரத்தையும் மிதமான வெப்பத்தையும் கொண்டுவருகிறது. கிழக்கே காஸ்கேட் மலைத்தொடர், நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை இருப்பதுபோல. மலைக்கு இந்தப் பக்கம் ஓயாத மழை, அந்தப் பக்கம் வறண்ட பூமி. கண்டத்தின் நடுவே உறைந்து கிடக்கும் காற்று இங்கே வந்துவிடாதபடி அந்த மலைதான் மறித்து நிற்கிறது.

மலையென்றால் கணவாய் இருக்குமே. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் போல, இங்கே கனடா எல்லைக்கு அப்பால் ஃபிரேசர் ஆறு மலையை அறுத்துக்கொண்டு வரும் பள்ளத்தாக்கு. ஆடிக் காற்று பாலக்காட்டு வழியே கோவைக்குள் பாய்வதைப் போல, சில குளிர்காலங்களில் உறைகாற்று அந்தப் பள்ளத்தாக்கு வழியே இறங்கித் தெற்கே சியாட்டில் வரை வந்துவிடுகிறது. அந்தக் காற்று மட்டும் வந்தால் வானம் தெளிந்து குளிரடிக்கும். கடல் மேகம் மட்டும் வந்தால் மழை. இரண்டும் ஒரே வேளையில் வந்து சேர்ந்தால்தான் பனி. எப்போதாவது கூடிவரும் அந்தச் சேர்க்கை, அந்த பிப்ரவரியில் பத்து நாட்களுக்குள் மூன்று முறை கூடிவந்தது.

இரண்டாவது முறைதான் நாங்கள் பயந்தோம். 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை பெரும்பனி வருகிறது என்று வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லிவிட்டது. மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ அவசர நிலை அறிவித்தார். முந்தின நாள் மாலை கடைக்குப் போனேன். பால், ரொட்டி, முட்டை இருந்த இடமெல்லாம் வெறும் தட்டுகள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடித்த கேல் கீரைகூட ஒரு கட்டு இல்லை. பனி அள்ளும் சவள் கேட்டேன். மூன்று கடைகளில் கைவிரித்தார்கள். பாதை உப்பும் தீர்ந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு வாங்கிய பச்சரிசியும் துவரம்பருப்பும் வீட்டில் மூட்டையாக இருந்ததால் சாப்பாட்டுக் கவலை எனக்கு இல்லை. சவள் இல்லாததுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை மதியம் பனி தொடங்கியது. ரெட்மண்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் சீக்கிரமே கிளம்பியும், எங்கள் ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வந்துசேர மூன்றரை மணி நேரம் ஆனது. அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கார்கள் கோணல்மாணலாக நின்றன. இவர் இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தார். பாதி தூரம் ஏறியதும் வண்டி, பிரேக்கில் கால் இருக்கும்போதே, தன்னால் பின்னோக்கி இறங்கியது. சாண் ஏற முழம் சறுக்கியது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிவந்திருக்கிறோம். அதைக் காருக்குள் உட்கார்ந்து அனுபவித்தேன் என்றார் பிறகு. அடிவாரத்துக் கடையின் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு, அலுவலகச் செருப்போடு நடந்தே மேலே வந்தார். கால்சட்டை முழங்கால்வரை விறைத்துப் போயிருந்தது. அத்தை ஒன்றும் பேசவில்லை. வெந்நீர் வைத்து, மகனின் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் துடைத்தார்.

எங்கள் தெருவில் ஆறு வீடுகள். மூன்றாம் வீட்டுக்காரர் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை பனிதான். "எங்கள் ஊரில் இதற்கெல்லாம் பள்ளியை மூட மாட்டார்கள்" என்று திங்கட்கிழமை சொன்னவர் அவர். சனிக்கிழமை காலையில் அவருடைய வண்டியும் அடிவாரத்தில்தான் நின்றது. என்னிடம் வந்து தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார். அவர் சொன்ன காரணங்களை இங்கே எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் 'இந்தப் பனிக்கே இந்த ஊர் படுத்துவிட்டதே' என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

அவர் ஊர் தட்டை, இது மேடும் பள்ளமும். அங்கே குளிர் ஒரே சீராக நிலைத்திருக்கும், விழுந்த பனி பொடியாகவே கிடக்கும். இங்கே வெப்பம் பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடுகிறது. பகலில் மேல்பனி உருகி நீராகும், வண்டிச் சக்கரம் அதை அழுத்தித் தேய்க்கும், இரவில் அது கண்ணாடியாக இறுகும். காலையில் பார்த்தால் வெறும் ஈரச்சாலை மாதிரி கறுப்பாகத் தெரியும், கால் வைத்தால் ஆளைத் தள்ளும். அங்கே வீட்டுக்கு வீடு சவளும், வண்டிக்கு வண்டி பனிச் சக்கரமும் உண்டு. நகராட்சிகளிடம் பனி தள்ளும் வண்டிகள் ஏராளம். எப்போதோ வரும் பனிக்காக அத்தனை வண்டிகளை வாங்கி நிறுத்திவைக்க இங்குள்ள எந்த ஊராலும் முடியாது. இருக்கிற வண்டிகளும் முதலில் மருத்துவமனைச் சாலை, பேருந்துச் சாலை என்றுதான் போகும். பேருந்துகளே அந்த வார இறுதியில் முக்கியமான சில தடங்களில் மட்டும் ஓடின. எங்கள் தெருவுக்குக் கடைசிவரை ஒரு வண்டியும் வரவில்லை. வராது என்று எங்களுக்கும் தெரியும்.

ஆகவே நாங்களே அள்ளினோம். குப்பை அள்ளும் முறம், கேக் செய்யும் தகரத் தட்டு, இவர் அட்டைப்பெட்டியை மடித்துச் செய்த ஒரு பலகை. வாசற்படி ஒன்பது. மேல்படி முடித்து கீழ்ப்படிக்கு வருவதற்குள் மேல்படியில் அடியில் ஒட்டியிருந்த ஈரம் இறுகிவிடும். அப்போதுதான் அத்தை கேட்டார்: "கல்லுப்பு இருக்குதல்ல?"

இந்தியக் கடையில் வாங்கிய கல்லுப்புப் பொட்டலங்கள் நான்கு இருந்தன. அத்தைக்கு இது எப்படித் தெரியும்? சின்ன வயதில் குல்பி ஐஸ் வண்டிக்காரர் மண்பானையில் ஐஸ் கட்டிமேல் கல்லுப்பைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறார். "உப்புப் போட்டா ஐஸு தண்ணியா ஓடும். ஆனா முன்னைக்கும் ஜில்லுன்னு இருக்கும்" என்றார். அதே விஷயம்தான். உப்பு கலந்த நீர் பூஜ்ய டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போனால்தான் உறையும். பூஜ்யத்துக்குக் கீழே 9 டிகிரி வரை சாதாரண உப்பு ஓரளவு வேலை செய்யும், அதற்கும் கீழே போனால் பலன் குறைந்துவிடும். குல்பிக்காரர் அந்தக் கடுங்குளிர் உப்புநீரைக் கொண்டு பாலை உறையவைத்தார், நாங்கள் அதே உப்பைக் கொண்டு படியை உறையவிடாமல் வைத்தோம். கோலப்பொடி தூவுவது போல அத்தை ஒவ்வொரு படிக்கும் ஒரு பிடி விட்டுக்கொண்டு இறங்கினார். அரை மணியில் பனிக்கட்டி பொருபொருத்து விட்டுக்கொடுத்தது.

இந்த உப்பு இங்கே ஒரு பெரிய வழக்காகவே இருந்திருக்கிறது. 2008 டிசம்பரில் சியாட்டிலில் இரண்டு வாரம் பனி நீடித்தபோது, சாலை உப்பு கரைந்து ப்யூஜெட் சவுண்ட் கடலுக்குள் போய் மீன்களைக் கெடுக்கும் என்று மாநகராட்சி உப்புத் தூவாமல் மணலைத்தான் கொட்டியது. சாலைகள் நாட்கணக்கில் இறுகிக் கிடந்தன. மக்களின் கோபம் மேயர் கிரெக் நிக்கல்ஸ்மேல் திரும்பியது. 2009 ஆகஸ்டில் நடந்த முதற்கட்டத் தேர்தலிலேயே அவர் தோற்றார். தோல்விக்கு அந்தப் பனியும் ஒரு காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதன்பின் மாநகராட்சி உப்பைக் கையில் எடுத்தது, பனி வருவதற்கு முன்பே உப்புநீரைச் சாலையில் தெளித்துவைக்கும் வழக்கமும் வந்தது. மீனா, மனிதர் நடமாட்டமா என்ற அந்தக் கேள்வியை நான் லேசாக நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை குழந்தைகளுக்குத் திருவிழா. துணி போடும் பிளாஸ்டிக் கூடை, பெட்டி மூடி, எது கிடைத்ததோ அதில் உட்கார்ந்து தெருவின் சரிவில் வழுக்கினார்கள். அத்தை கம்பளிக் குல்லாவும், சேலைக்கு அடியில் என் கால்சட்டையுமாக வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் முதலில் அடிவாரம் தொடுகிறார்கள் என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னது தமிழில். தெருக் குழந்தைகள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

11ஆம் தேதி திங்கட்கிழமை மூன்றாவது பனி. மதியம் அத்தை கைப்பிடியில் கிடந்ததை எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் நீர் சொட்டியது. "முன்ன பேஞ்சது கொப்பரைத் தூளு. இது பாலோட இருக்கற துருவலு. கனமா இருக்குது, அம்மணி" என்றார். அன்று வானிலை ஆய்வாளர்கள் சொன்னதும் இதைத்தான். கடுங்குளிரில் விழும் பனியில் காற்றே அதிகம். உருகும் நிலையில் விழும் பனியில் தண்ணீர் அதிகம். ஒரே உயரத்துக்கு விழுந்திருந்தாலும் ஈரப்பனியின் எடை இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

இந்த ஊரின் மரங்கள் டக்ளஸ் ஃபர், செந்நிற சீடர் என்று இலையுதிராத ஊசியிலை மரங்கள். கிளை முழுக்கப் பச்சை. பனிக்கு அவை விரித்துவைத்த கை. மின்கம்பிகளோ பெரும்பாலும் தலைக்குமேல், அதே மரங்களின் ஊடே போகின்றன. மாலை ஐந்து மணிக்குக் காட்டுப் பக்கமிருந்து வேட்டுப்போல ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. கிளைகள் முறிந்துகொண்டிருந்தன. ஏழு மணிக்கு வானம் நீலமும் பச்சையுமாக ஒரு நொடி பளிச்சிட்டது. மின்சாரம் போயிற்று.

எங்கள் வீட்டுச் சூடேற்றி எரிவாயுவில் ஓடுவது. ஆனால் சூட்டை அறைகளுக்கு ஊதிவிடும் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. ஆகவே அதுவும் நின்றது. முதல் இரவு எல்லோரும் ஒரே அறையில், ஜன்னலில் ஜமக்காளத்தைத் தொங்கவிட்டு, ஒருவரையொருவர் ஒட்டிப் படுத்தோம். குழாய் உறையாமலிருக்க நூல்போலத் தண்ணீர் ஒழுகவிட்டோம். உறைந்தால் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஊதும், குழாயை வெடிக்கவைக்கும். பால், தயிர், மாவுப் பாத்திரம் எல்லாம் பின்கட்டுப் பனியில் புதைந்து பத்திரமாக இருந்தன. செவ்வாய் மாலை வீட்டுக்குள் 11 டிகிரி. குழந்தைக்கு மூக்கு நுனி சில்லிட்டுவிட்டது.

அத்தை என்னிடம் வந்தார். பின்கட்டில் கரியில் சுடும் அடுப்பு ஒன்று மூடிவைத்திருந்தோம். "அந்த அடுப்ப உள்ளார எடுத்தாந்துரலாமா, அம்மணி? வெளியவே பத்தவெச்சு, பொகை அடங்குனதும் கங்க மட்டும் கொண்டாரலாம். புள்ள பெத்தவளுக்குத் தணல் சட்டி வெப்பமே, அந்தாட்ட."

"வேண்டாங்க, அத்தை" என்றேன். அவர் அடுப்பை நோக்கி நடந்தார். நான் கத்திவிட்டேன். பதின்மூன்று வருடத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

2006 டிசம்பர் 14 இரவு இந்தப் பகுதியை ஒரு புயற்காற்று அடித்துப் போட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று, சில வீடுகளில் ஒரு வாரத்துக்கும் மேல். நான் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து வேறொரு செய்தி வந்தது. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி மூட்டியவர்களும், ஜெனரேட்டரை உள்ளே ஓட்டியவர்களும் கார்பன் மோனாக்சைடு நச்சில் இறந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆங்கில எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் தன் முதல் பக்கத்திலேயே பல மொழிகளில் அந்த எச்சரிக்கையை அச்சிட்டது. அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாகப் பார்த்தேன். தமிழ் இல்லை. நாம் இங்கே அப்போது கொஞ்சம் பேர். அந்தப் பக்கத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அத்தையை உட்காரவைத்து அதைச் சொன்னேன். புகை அடங்கிய கங்குதான் அதிகம் ஏமாற்றும். புகை கண்ணைக் கரிக்கும், இருமவைக்கும், ஆளை வெளியே துரத்தும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. மூச்சில் கலந்து இரத்தத்தில் ஏறினால், பிராணவாயுவைப்போல இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொண்டு அதற்கு இடம் விடாது. தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் வரும். தூங்கியவர் எழுவதில்லை. "நம்ம வீட்ல பல காலம் வெச்சமே, கண்ணு?" என்றார். உண்மைதான். பொள்ளாச்சி வீடு ஓட்டு வீடு. ஓட்டின் சந்தெல்லாம் காற்று. இங்கே வெப்பம் கசியக்கூடாது என்று இண்டு இடுக்கெல்லாம் அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். தணல் சட்டியில் தவறில்லை, வீடு வேறு. அத்தை கூடத்துச் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டி, "அதுக்குத்தானா அது?" என்று கேட்டார். அதற்குத்தான். 2006 சாவுகளுக்குப் பிறகு இந்த மாநிலத்தில் வீடுகளுக்கு அந்த எச்சரிக்கைக் கருவி கட்டாயமாயிற்று. எங்களுடையது பேட்டரியில் ஓடுவது. இவர் அதை அழுத்தி, ஒலிக்கிறதா என்று காட்டினார்.

எரிவாயு அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடிந்தது. சூட்டுக்காக அதை எரியவிடவும் கூடாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, சமைக்கிற நேரம் மட்டும் எரித்தோம். மற்ற ஐந்து வீட்டிலும் மின் அடுப்பு. அத்தை பெரிய குண்டாவில் அரிசிம்பருப்பு வைத்தார், சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து. இவரும் மகளும் வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அப்படிப் போனதால்தான் கடைசி வீட்டுப் பாட்டியின் நிலைமை தெரிந்தது. எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர், மூச்சுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும். மின்சாரம் போனால் சிலிண்டர். அது அன்று இரவைத் தாங்காது. மின்னசோட்டாக்காரரிடம் ஜெனரேட்டர் இருந்தது. அதை உள்ளே வைக்காமல், எந்த ஜன்னலுக்கும் பக்கத்தில் வைக்காமல், இரண்டு வீட்டுக்கும் நடுவே வெட்டவெளியில் வைத்து, பனியின்மேல் நீளக் கம்பி இழுத்துப் பாட்டியின் இயந்திரத்துக்குக் கொடுத்தார். இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக எழுந்து போய்ப் பார்த்துவந்தோம். மூன்று மணி முறை என்னுடையது. நான் கிளம்பும்போது அத்தை விழித்திருந்தார். கல்லுப்பின் கடைசிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் படி இறங்கித் தூவிக்கொண்டே போனார்.

புதன்கிழமை விடியலில் மின்சாரம் வந்தது. அதற்குள் பனி மழையாக மாறியிருந்தது. கூரையிலிருந்து பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. அடிவாரத்தில் எங்கள் கார் முதலில் கூரையும், பிறகு கண்ணாடியும், பிறகு சக்கரமுமாக வெளியே வந்தது.

விடுபட்ட நாட்களுக்கு ஈடாகப் பள்ளியை ஜூன் கடைசி வாரம்வரை நீட்டினார்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் மாதம். அத்தை ஏப்ரலிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். பள்ளி முடிந்த கடைசி நாள் மாலை அவரைக் கூப்பிட்டு, கைப்பேசியில் வாசலைக் காட்டினேன். தெரு முழுக்கப் பச்சை. எங்கள் ஒன்பது படிகளின் இரண்டு ஓரத்திலும் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு மண் வெளுத்துக் கிடந்தது.

"உப்புத்தானே அது? இன்னும் புல்லு மொளைக்கலையா, அம்மணி?"

"இல்லீங்க, அத்தை."

"தெனமும் தண்ணி ஊத்து, கண்ணு. நல்லா ஊத்து. உப்பு அடிக்கு எறங்கீரும்."